வெளிநாட்டுல படிக்கிற நம்ம பிள்ளைங்க எப்படி இருக்காங்க? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில, "வெளிநாட்டு காலேஜ்ல படிக்கிற உங்க பிள்ளைங்க எப்படி இருக்காங்க, எழுதுங்க"ன்னு கேட்டிருந்தோம். மெயில்ல வந்துச்சு, வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா வந்துச்சு, ரெண்டு மூணு பேர் நோட்டு பேப்பர்ல பேனாவால எழுதி கவர்ல போட்டு அனுப்பியிருந்தாங்க. எல்லாத்தையும் படிச்சு முடிச்சப்போ ஒண்ணு தெரிஞ்சுது, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். "போன் பண்ணா நல்லா இருக்கேன்னு சொல்றாங்க, நெஜமாவே நல்லா இருக்காங்களா?"

எங்க வீட்டுப் பொண்ணும் ஜெர்மனியில மாஸ்டர்ஸ் முடிச்சவதான், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய பெத்தவங்ககிட்ட பேசியிருக்கேன். அதுல எனக்கு உறுதியா தெரிஞ்சது இதுதான்: பிள்ளைங்க நம்மகிட்ட சொல்லாம விடறதுல பாதி, அந்த ஊர் நடைமுறைய நமக்கு முதல்ல இருந்து விளக்கி சொல்ல அவங்களுக்கு தெம்பு இல்லாததாலதான். பரீட்சை எப்படி, வேலைக்கு என்ன சட்டம், உடம்பு சரியில்லன்னா எங்க போகணும், இதெல்லாம் நமக்கே கொஞ்சம் தெரிஞ்சிருந்தா பேச்சு தானா நீளும். அதுனால பதில் எல்லாத்துலயும் அந்த ஊர் விஷயத்தையும் சேர்த்தே எழுதறேன்.

ஈரோட்டுல இருந்து ஒரு அம்மா: என் பையன் ஜெர்மனி கெம்னிட்ஸ்ல மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்கிறான், இங்க பி.இ.ல 8.4 வாங்குனவன். முதல் செமஸ்டர் ரிசல்ட் கேட்டா ஒரு பேப்பர் 2.3, ஒண்ணு 3.0, ஒண்ணு 5.0ன்னு சொன்னான். நான் 5.0 வாங்குனதாவது பரவால்லன்னு சொன்னேன், அவன் ஒண்ணுமே பேசாம போன வெச்சிட்டான். அப்புறம் பக்கத்து வீட்டு பையன் சொல்லித்தான் தெரியுது அந்த 5.0 தான் ஃபெயில்னு. அதுல இருந்து எனக்கு தூக்கமே இல்ல மேடம், இவனுக்கு படிப்பு வரலையா, திரும்ப வரச்சொல்லிடலாமா?

வரச்சொல்ல வேணாம்மா. ஜெர்மனியில மார்க் தலைகீழா போகும், 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். அந்தக் கணக்குல பாத்தா உங்க பையன் வாங்குன 2.3 நல்ல மார்க், முதல் செமஸ்டர்ல வெளியில இருந்து போன பையன் 2.3 வாங்கறது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். முதல்ல அத அவன்கிட்ட சொல்லுங்க, ஏன்னா நீங்க அந்த 5.0 பத்தி மட்டும்தான் கவலையா இருக்கீங்கன்னு அவன் நெனச்சிட்டு இருப்பான்.

அங்க பரீட்சை எப்படின்னா, நம்ம காலேஜ்ல இருக்கற மாதிரி இன்டர்னல் மார்க், அசைன்மென்ட் மார்க், அட்டெண்டன்ஸ் மார்க்னு தூக்கி விடறதுக்கு பெரும்பாலான பாடத்துல எதுவும் கிடையாது. அக்டோபர்ல இருந்து கிளாஸ் நடக்கும், யாரும் வந்தியான்னு கேக்க மாட்டாங்க, பிப்ரவரியில ஒரே பரீட்சை, அதுல வாங்கறதுதான் மொத்த மார்க்கும். இங்க கடைசி ரெண்டு வாரம் படிச்சு 8.4 வாங்குன பிள்ளைங்க அத அங்க போய் பண்ணா விழுந்துடுவாங்க, புத்தி இல்லாம இல்ல, அந்த முறை பழகாததால. ரெண்டாவது செமஸ்டர்ல பெரும்பாலும் நிமிந்துடுவாங்க.

ஆனா ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். ஒரு பேப்பர எத்தன தடவை வேணாலும் எழுதலாம்னு அங்க கிடையாது. நிறைய யுனிவர்சிட்டியில மூணு தடவைதான், கட்டாய பாடத்துல மூணாவது தடவையும் போயிட்டா அந்த கோர்ஸ்ல இருந்தே பேர எடுத்துடுவாங்க, வேற யுனிவர்சிட்டி போய் அதே கோர்ஸ்ல சேரவும் முடியாம போகும், விசாவும் அதோட சேர்ந்து சிக்கலாகும். அதுனால ரெண்டாவது தடவை எழுதறதுக்கு முன்னாடியே அவன் டிபார்ட்மென்ட்ல இருக்கற படிப்பு ஆலோசகர்கிட்ட போய் உட்காரணும், அதுக்குன்னே ஆள் இருக்காங்க, காசு இல்ல. அப்புறம் பரீட்சைக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணா மட்டும்தான் எழுத முடியும், தயாரா இல்லன்னா கடைசி தேதிக்கு முன்னாடி பேர எடுத்துடலாம், அப்படி எடுத்தா அது ஒரு தடவையா கணக்குல வராது. ஆனா பதிவு பண்ணிட்டு காய்ச்சல்னு ரூம்ல படுத்துட்டா, டாக்டர் சர்டிபிகேட் குடுக்கலன்னா அதுவும் 5.0 தான். நல்லா படிக்கிற பிள்ளைங்க கூட இந்த இடத்துல ஒரு வாய்ப்ப வீணாக்கியிருக்காங்க, அதுனாலதான் இவ்வளவு விளக்கமா சொல்றேன்.

இன்னொண்ணு, எத்தன மணிக்கு போன் பண்றீங்க? குளிர்காலத்துல அவங்களுக்கும் நமக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமையில இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூணரை. நீங்க ராத்திரி சமையல் முடிச்சு எட்டு மணிக்கு கூப்பிட்டா குளிர்காலத்துல அவனுக்கு மத்தியானம் மூணரை, கிளாஸ்லயோ லேப்லயோ இருப்பான், அப்போ "ம், சரிம்மா"ன்னுதான் வரும். டிசம்பர்ல அங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், காலையில எட்டு மணிக்குத்தான் விடியும், வெயில்லயே வளந்த பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டு மாசம் மனசு சோர்ந்து போறது நிறைய வீட்டுல நடக்கறது. ஞாயித்துக்கிழமை அங்க கடையே தெறக்காது, கிளாஸும் இல்ல, அன்னிக்கு அவன் எழுந்து டீ போடற நேரத்துக்கு, நமக்கு மத்தியானம் மூணு மணி வாக்குல கூப்பிட்டு பாருங்க, பேச்சு வேற மாதிரி இருக்கும்.

திருநெல்வேலியில இருந்து ஒரு அப்பா: மக லண்டன் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு வருஷ எம்.எஸ்சி படிக்கா. வீட்டு பத்திரத்த வெச்சு லோன் எடுத்தேன். பார்ட் டைம் வேலை பாத்தே லோன கட்டிடலாம்னு அனுப்பி வெச்ச ஏஜென்ட் சொன்னாரு. இப்போ மக சொல்லுதா வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்க கூடாதாம், ஆனா ஒரு கடையில கையில காசா குடுத்து கூடுதலா வேலை தாரேங்காங்களாம், போகட்டுமாப்பான்னு கேக்கா. கூட படிக்கிற பையன் வேற யாரோட டெலிவரி ஆப் அக்கவுண்டயோ வாடகைக்கு எடுத்து சாப்பாடு டெலிவரி பண்ணுதானாம். என்ன சொல்லட்டும்?

வேணாம்னு இன்னிக்கே சொல்லுங்க ஐயா. உங்ககிட்ட வந்து கேட்டிருக்கா பாருங்க, அந்த ஒண்ணுக்கே அவள பாராட்டணும், நிறைய பிள்ளைங்க கேக்காமலே போயிடறாங்க.

பிரிட்டன்ல டிகிரி படிக்கிற ஸ்டூடண்ட் விசாவுல, படிப்பு நடக்கற காலத்துல வாரம் 20 மணி நேரம்தான், திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம்னு கணக்கு. ரெண்டு இடத்துல வேலை பாத்தாலும் ரெண்டையும் சேர்த்து 20. கோடை லீவுல முழு நேரம் பாக்கலாமேன்னு சொல்லுவாங்க, அது பி.எஸ்சி பிள்ளைங்களுக்கு. ஒரு வருஷ மாஸ்டர்ஸ்ல கோடை முழுக்க டிசர்டேஷன், அதாவது கடைசி ஆய்வறிக்கை எழுதற காலம், அது பெரும்பாலும் படிப்பு காலமாத்தான் கணக்கு, அதுனால அவ யுனிவர்சிட்டியில தேதி கேட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்கணும். சாப்பாடு டெலிவரி வேலை சுயதொழில் கணக்குல வருது, ஸ்டூடண்ட் விசாவுல சுயதொழிலே கூடாது, அதுல அடுத்தவங்க அக்கவுண்ட்ல ஓட்டறது இன்னும் மோசம். மாட்டினா விசாவ ரத்து பண்ணுவாங்க, லோனும் போகும் டிகிரியும் போகும். கையில காசா குடுக்கற முதலாளி மாசக் கடைசியில காசு குடுக்கலன்னாலும் அவ எங்கயும் போய் புகார் சொல்ல முடியாது, அது அவனுக்கும் தெரியும்.

இப்போ கணக்கு பாப்போம். 2025 ஏப்ரல்ல இருந்து 2026 மார்ச் வரைக்கும் அங்க 21 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 12.21 பவுண்டா இருந்துச்சு. அந்தக் கணக்குல 20 மணி நேரத்துக்கு 244 பவுண்டு, மாசத்துக்கு ஆயிரம் பவுண்டு சொச்சம். அதுல ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் போனா மிஞ்சறது கொஞ்சம்தான், அதுவும் வருஷம் பூரா முழு 20 மணி நேரம் வேலை கிடைச்சாதான். பார்ட் டைம் காசு அவ வயித்துக்கும் வாடகைக்கும் உதவும், லோன் கட்ட ஆகாது. ஏஜென்ட் சொன்ன அந்த வார்த்தைய நீங்களும் அவளும் மனசுல இருந்து எடுத்துடுங்க, அதான் அவ தலையில பாரமா உட்கார்ந்திருக்கு.

லோனுக்கு வழி என்னன்னா, படிக்கிற காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் பொதுவா இ.எம்.ஐ கேக்க மாட்டாங்க, ஆனா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். அந்த வட்டிய மட்டும் மாசாமாசம் உங்களால கட்ட முடிஞ்சா கட்டிடுங்க, சில பேங்க்ல அப்படி கட்டறவங்களுக்கு வட்டி விகிதத்துல 1 சதவீதம் குறைப்பாங்க, மேனேஜர்கிட்ட கேளுங்க. வருமான வரி கட்டறவரா இருந்தா கல்விக்கடன் வட்டிய 8 வருஷம் வரைக்கும் கழிக்கலாம், ஆனா பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் அது, புது முறையில கிடையாது. இது கல்விக்கடனுக்குத்தான், நீங்க பத்திரம் வெச்சு எடுத்தது வீட்டு அடமான லோனா கல்விக்கடனான்னு பாத்துக்கோங்க, பாஸ்புக்லயே இருக்கும்.

படிப்பு முடிஞ்சதும் வேலை தேட கிராஜுவேட் விசா இருக்கு, 2026 டிசம்பர் 31க்குள்ள அப்ளை பண்றவங்களுக்கு ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1ல இருந்து மாஸ்டர்ஸ் பிள்ளைங்களுக்கு 18 மாசமா குறையுது. நம்மகிட்ட வேலை தேட காலம் இவ்வளவுதான்னு தெரிஞ்சுக்கிட்டு அவ இப்பவே யுனிவர்சிட்டி கரியர் ஆபீஸுக்கு நடக்கணும், கடையில ராத்திரி ஷிப்ட் பாத்து தூங்கி வழியறதுக்கு இல்ல அந்த ஒரு வருஷம்.

மதுரையில இருந்து ஒரு அம்மா: பையன் அமெரிக்காவுல பி.எஸ் முதல் வருஷம். மார்க் என்னன்னு கேட்டா "எல்லாம் ஓகே"ங்கறான். யுனிவர்சிட்டிக்கே மெயில் போட்டேன், மாணவரோட சம்மதம் இல்லாம சொல்ல மாட்டோம்னு பதில் வந்துச்சு. ஃபீஸ் கட்டறது நாங்க, எங்களுக்கு சொல்லமாட்டாங்களா?

சொல்ல மாட்டாங்கம்மா, அது அங்க சட்டம். 1974ல வந்த ஃபெர்பான்னு ஒரு சட்டம், காலேஜ்ல கால் வெச்ச நாள்ல இருந்து மார்க், ஃபைல் எல்லாத்துக்கும் உரிமை பிள்ளைக்குத்தான், பெத்தவங்களுக்கு இல்ல. அவன் ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டுக் குடுத்தா யுனிவர்சிட்டி உங்ககிட்ட பேசும். ஆனா அத சண்டை போட்டு வாங்காதீங்க. செமஸ்டர் முடிஞ்சதும் ஸ்க்ரீன ஷேர் பண்ணி ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்டான்னு கேளுங்க, ஜிபிஏ 4க்கு எவ்வளவு, எந்த பாடம் புடிச்சுது, எது கஷ்டமா இருந்துச்சுன்னு கேளுங்க. நிறைய காலேஜ்ல 2.0க்கு கீழ போனா எச்சரிக்கைப் பட்டியல்ல வெச்சிடுவாங்க.

நீங்க கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, "பன்னண்டு கிரெடிட் இருக்காடா?" எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசாவுல பி.எஸ் படிக்கிறவங்க செமஸ்டருக்கு குறைஞ்சது 12 கிரெடிட் எடுத்திருக்கணும், கஷ்டமா இருக்குன்னு ஒரு பாடத்த சட்டுனு விட்டுட்டா அதுக்கு கீழ போயிடும், விசா அந்தஸ்தே போயிடும். விடறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், உடம்பு சரியில்லன்னாலும் அங்க சொன்னா வழி இருக்கு. அதே மாதிரி காய்ச்சல், வயித்து வலின்னா முதல்ல கேம்பஸ் ஹெல்த் சென்டர், அது மூடியிருந்தா அர்ஜென்ட் கேர், உயிர் போற அவசரத்துக்குத்தான் எமர்ஜென்சி ரூம், இன்சூரன்ஸ் இருந்தாலும் அங்க பில் பயங்கரமா வரும்.

நாமக்கல்ல இருந்து ஒரு அப்பா: பையன் ஜார்ஜியா நாட்டுல, திபிலிசியில எம்.பி.பி.எஸ் மாதிரி ஆறு வருஷ படிப்பு, இப்போ மூணாவது வருஷம். இங்க வந்து டாக்டரா ரிஜிஸ்டர் பண்ண முடியாதுன்னு ஒருத்தர் சொல்றார், முடியும்னு அனுப்புன கன்சல்டன்சி சொல்றாங்க. பையன் வேற, பேஷண்ட் பேசறது புரியல, வார்டுல சும்மா நிக்கிறோம்னு சொல்றான்.

ரெண்டையும் தனித்தனியா பாக்கணும் சார். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு யார் சொல்றதும் முக்கியமில்ல, 2021 நவம்பர் 18 தேதியிட்ட தேசிய மருத்துவ ஆணையத்தோட விதி என்ன சொல்லுதோ அதுதான். வெளிநாட்டுல படிச்சவங்ககிட்ட கேக்கறது இது: நீட்ல தகுதி, படிப்பு குறைஞ்சது 54 மாசம், பாடம் இங்கிலீஷ்ல, அது போக அதே காலேஜ்லயே 12 மாசம் இன்டர்ன்ஷிப், முழு படிப்பும் ஒரே காலேஜ்ல, சேர்ந்த தேதியில இருந்து 10 வருஷத்துக்குள்ள முடிக்கணும், அந்த நாட்டுல அந்த நாட்டுக்காரங்களுக்கு சமமா டாக்டரா பதிவு பண்ணவோ தொழில் பண்ணவோ தகுதி இருக்கணும். அப்புறம் இங்க வந்து எஃப்.எம்.ஜி.இன்னு வெளிநாட்டுல மருத்துவம் படிச்சவங்களுக்கான தகுதித் தேர்வு, அதுல 300க்கு 150 வாங்கணும், அதுக்கு மேல இந்தியாவுல ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்.

பையன் யுனிவர்சிட்டியில எழுத்துல கேக்க வேண்டியது ரெண்டு. ஆறு வருஷத்துல இன்டர்ன்ஷிப் தனியா 12 மாசம் வருதா, அது சர்டிபிகேட்ல தனியா எழுதித் தருவாங்களா? முடிச்சவங்களுக்கு அந்த நாட்டுல தொழில் பண்ற தகுதி கிடைக்குதா, அதுக்கு என்ன காகிதம் தருவாங்க? கன்சல்டன்சி வாய்ல சொல்றத விட்டுடுங்க, யுனிவர்சிட்டி லெட்டர்ஹெட்ல வாங்குங்க. மூணாவது வருஷத்துலயே கேக்கறது ரொம்ப நல்லது, ஆறாவது வருஷம் முடிச்சு ஏர்போர்ட்ல இறங்கினப்புறம் கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது. பாதியில வேற காலேஜ் மாத்தலாம்னு யாராவது ஆசை காட்டினா போயிடாதீங்க, ஒரே காலேஜ்ங்கற விதி அங்கதான் இடிக்கும்.

வார்டுல சும்மா நிக்கிறான்னு சொன்னான் பாருங்க, எனக்கு அதுதான் பெரிய கவலையா படுது. பாடம் இங்கிலீஷ்ல இருந்தாலும் படுக்கையில இருக்கற பாட்டி ஜார்ஜியன்லதான் பேசுவாங்க, வலி எங்க இருக்குன்னு அவங்க வாயால கேட்டு பழகாத டாக்டர் இங்க வந்தும் தடுமாறுவான். காலேஜ்லயே ஜார்ஜியன் மொழி கிளாஸ் இருக்கும், பிள்ளைங்க அத ஒப்புக்கு பாஸ் பண்ணிட்டு விட்டுடறாங்க. தினம் அரை மணி நேரம் அதுக்கு ஒதுக்கச் சொல்லுங்க. லீவுல ஊருக்கு வர்றப்போ தெரிஞ்ச டாக்டர் யாராவது இருந்தா அவர் கூட உட்கார்ந்து பாக்க மட்டும் அனுமதி கேளுங்க, நம்ம ஊர் நோயும் நம்ம ஊர் பேச்சும் காதுல விழணும். எஃப்.எம்.ஜி.இக்கு கடைசி வருஷம் பாத்துக்கலாம்னு விடாம அந்தந்த வருஷ பாடத்த அந்தந்த வருஷமே இந்திய புத்தகத்தோட சேர்த்து படிக்கிறவங்கதான் கரையேறறாங்க.

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு அம்மா: வணக்கம் அக்கா. மகன் மெல்பேர்னில ஐ.ரி படிக்கிறார், போய் ஒரு வருசமாகப் போகுது. முந்தி ஒவ்வொரு நாளும் கோல் எடுத்துக் கதைப்பார், இப்ப கிழமைக்கு ஒருக்கா எடுத்தாலே பெரிய விசயம், எடுத்தாலும் "ஓமம்மா, சாப்பிட்டனான்" எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறார். அவற்ற அப்பா, பெடியன் வளந்திட்டான் விடு எண்டு சொல்லுறார். எனக்கெண்டா மனசு கேக்குதில்லை. வேலைக்கும் போறார் எண்டபடியால் களைப்போ, வேற ஏதும் பிரச்சினையோ எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை வரமாட்டன் எண்டுது.

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் சொல்றதும் சரியா இருக்கலாம், உங்க மனசு சொல்றதும் சரியா இருக்கலாம். ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க சில விஷயம் இருக்கு.

மெல்பேர்ன் உங்களுக்கு நாலரை மணி நேரம் முன்னாடி, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் அஞ்சரை. நீங்க ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தா அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும். அங்க படிப்பு காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பாக்கலாம், 2023 ஜூலையில இருந்து அப்படி. பெரும்பாலான பிள்ளைங்க அத முழுசா பாக்கறாங்க, கிளாஸ், வேலை, சமையல், துணி துவைக்கறதுன்னு எல்லாம் ஒத்தை ஆளா பண்ணிட்டு படுக்கறப்போ பேச வாய் வராது. ஒரு வருஷம் ஆச்சுன்னா அங்கயே நண்பர்கள் சேர்ந்திருப்பாங்க, தினம் பேசுனது வாரம் ஒண்ணா குறையறது தானா நடக்கறதுதான். பேசறப்போ சிரிக்கிறாரா, ஊர்ல யார் எப்படின்னு அவரா கேக்கறாரா, கூட்டாளிங்க பேர் பேச்சுல வருதா, வீடியோவுல முகத்த காட்டறாரா? இதெல்லாம் இருந்தா மனச தேத்திக்கோங்க.

ஆனா எப்பவும் கேமராவ ஆஃப் பண்ணியே பேசறார், எந்த நேரம் எடுத்தாலும் தூக்கத்துல இருக்கார், மெலிஞ்சுக்கிட்டே போறார், கிளாஸ் பத்தி கேட்டா எரிஞ்சு விழறார் இல்லன்னா பேச்ச மாத்தறார், முன்னாடி சொன்ன கூட்டாளி பேர் எதுவும் இப்போ வர்றதில்ல, "என்னால உங்களுக்கு செலவுதான்"ங்கற மாதிரி பேசறார்னா அத லேசா விடக்கூடாது. அப்போ நேரடியா கேளுங்க, "மனசு கஷ்டமா இருக்கா தம்பி, படிப்பு போனாலும் பரவாயில்ல, நீ இருந்தா போதும் எங்களுக்கு"ன்னு வாய்விட்டு சொல்லுங்க. நம்ம வீடுகள்ல இத மனசுல வெச்சிருப்போம், வாயால சொல்ல மாட்டோம், ஆனா அந்தப் பிள்ளைக்கு அது காதுல விழணும். கேட்டா உயிர விடணும்ங்கற தப்பான எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க, கேக்கறதால அப்படி வராது.

யுனிவர்சிட்டியில கவுன்சலிங் இருக்கும், மாணவர்களுக்கு இலவசம், அங்க பேசறது வீட்டுக்கோ வாத்தியாருக்கோ போகாது. ராத்திரி நேரத்துல மனசு தாங்கலன்னா ஆஸ்திரேலியாவுல லைஃப்லைன் 13 11 14, உயிருக்கு ஆபத்துன்னா 000. மத்த ஊர்ல பிள்ளை இருக்கற பெத்தவங்களும் குறிச்சுக்கோங்க: அமெரிக்காவுல 988, பிரிட்டன்ல சமாரிட்டன்ஸ் 116 123, ஜெர்மனியில டெலிஃபோன்சீல்சோர்க 0800 111 0 111. பெத்தவங்களுக்கே மனசு தாங்காம இருந்தா தமிழ்நாட்டுல இருந்து 14416க்கு கூப்பிடலாம், டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் அது, தமிழ்ல பேசுவாங்க. அப்புறம் எல்லாருமே ஒண்ணு பண்ணுங்க, ரூம்மேட் ஒருத்தர் நம்பரையும் அவர் வீட்டு நம்பரையும் வாங்கி வெச்சுக்கோங்க, பிள்ளைக்கு தெரிஞ்சே வாங்குங்க. ரெண்டு நாள் போன் எடுக்கலன்னா யார கேக்கறதுன்னு தவிக்க வேண்டியதில்ல.

வேலூர்ல இருந்து ஒரு அப்பா: நான் லாரி ஓட்டறேன். எங்க பொண்ணு தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி திட்டத்துல உதவித்தொகை கிடைச்சு இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் படிக்குது. எங்க குடும்பத்துல பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அதுதான். போன புதுசுல அழுதுச்சு, வாத்தியார் இங்கிலீஷ் புரியலன்னு. இப்போ அங்க ஒரு கருத்தரங்குல பேசுன வீடியோ அனுப்பிச்சு, நான் வண்டிய ஓரங்கட்டி பாத்தேன். கேள்வி ஒண்ணும் இல்லங்க, நல்லா இருக்கற பிள்ளைங்களும் இருக்குன்னு எழுதணும்னு தோணுச்சு.

எழுதினதுக்கு ரொம்ப நன்றி ஐயா, இந்தக் கடிதத்த நான் வீட்டுல எல்லாருக்கும் படிச்சு காட்டினேன். பொண்ணுக்கு என் அன்ப சொல்லுங்க. இதப் படிக்கிறவங்களுக்காக சொல்றேன், இந்தத் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கானது, ஆதிதிராவிடர் நலத்துறை மூலமா விண்ணப்பிக்கணும், மத்திய அரசோட தேசிய அயலக உதவித்தொகையும் தனியா இருக்கு. தகுதி, வருமான வரம்பெல்லாம் அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கோங்க. யுனிவர்சிட்டி அட்மிஷன் லெட்டர் கையில இருந்தாதான் வேகமா நகரும், அதுனால மூணாவது வருஷ டிகிரி படிக்கிறப்பவே ஐ.இ.எல்.டி.எஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சை, பாஸ்போர்ட் வேலைய ஆரம்பிச்சிடணும். உங்க பொண்ணு முதல்ல புரியலன்னு அழுதுச்சுன்னு சொன்னீங்க, யுனிவர்சிட்டியில இங்கிலீஷ் எழுத, பேச தனி வகுப்பு பெரும்பாலும் இலவசமாவே நடக்கும், புதுசா போற பிள்ளைங்க வெக்கப்படாம முதல் மாசமே அதுல சேரணும்.

காரைக்குடியில இருந்து ஒரு பாட்டி: பேரன் பாரீஸ்ல படிக்கிறான், அடுத்த வாரம் அவன் ஃப்ரெண்டு ஊருக்கு வந்துட்டு திரும்ப போறான். அவன்கிட்ட நெய், கறிவேப்பிலை, பருப்புப் பொடி, மாவடு எல்லாம் குடுத்து விடலாமா?

பருப்புப் பொடியும் மாவடுவும் குடுங்க பாட்டி. நெய் வேணாம், பால்ல இருந்து வர்ற எதையும் இந்தியாவுல இருந்து ஐரோப்பாவுக்கு கையில கொண்டு போக விடமாட்டாங்க, பால்கோவாவும் அதே கதிதான், இறைச்சி வகையும் கூடாது. பச்சை கறிவேப்பிலையும் ஆகாது, வறுத்து பொடி பண்ணிடுங்க. மாவடுவ செக்-இன் பெட்டியிலதான் வைக்கணும், கைப்பையில வெச்சா தண்ணி இருக்குன்னு செக்யூரிட்டியில எடுத்துடுவாங்க. பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடிய டேப் சுத்தி, ரெண்டு கவர்ல போட்டு, நடுவுல துணி வெச்சு அடைக்கச் சொல்லுங்க. மாத்திரை ஏதாவது அனுப்பறதா இருந்தா டாக்டர் சீட்டும் சேர்த்து வைங்க. பேரனுக்கு நெய் வேணும்னா, பாரீஸ்ல கார் து நோர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லா ஷப்பேல்னு ஒரு ஏரியா இருக்கு, அங்க தெரு முழுக்க நம்ம ஈழத்துத் தமிழர் கடைங்கதான், நெய்யும் கிடைக்கும், கறிவேப்பிலையும் கிடைக்கும்.